‘தீட்டு’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்தவ, இஸ்லாமியத் தூய்மைச் சடங்குகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஞானஸ்நானம், தீர்த்தம், ஒளு, குளிப்பு என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். தகவலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பத்தி தொடங்கிக் கடைசி வரை அத்தனைக்கும் ‘தீட்டுக் கழித்தல்’ என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தச் சொல் மீன்முள் போல என் தொண்டையில் நிற்கிறது. கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். எங்கள் தெரு இஸ்லாமிய அக்கா லாத்தாவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் காரைக்கால்காரி. கத்தோலிக்கக் குடும்பம். 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில். தீட்டு என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தால் முன்வாசல் வழியாக நான் உள்ளே வரக் கூடாது. கொல்லைப்புறக் கிணற்றடியில் மாற்றுப் புடவை தொங்கும். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு நின்று, அதற்குப் பிறகுதான் அடுப்படிக்குள் வரலாம். மருத்துவமனைக் கிருமிக்குப் பயந்து என்றால் நானே அதை வரவேற்றிருப்பேன். ஆண்கள் வார்டில் காசநோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவளைத் தொட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் குற்றம். கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருந்த வீடு அது.

நம் ஊரில் தீட்டு என்பது ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் ஒட்டிக்கொள்வது. அதற்கு நாம் கண்ட ஒரே மருந்து விலகி நிற்பது. தூரமானவள் என்று மாதவிலக்கான பெண்ணைச் சொல்வதே அந்தத் தூரத்தை வைத்துத்தான். ஆனால் நான் பார்த்த தூய்மைச் சடங்குகளில் ஒருவர் இன்னொருவரைத் தொட வேண்டியிருக்கிறது. தொடாமல் அவை நடக்காது. கட்டுரையாளருக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

லாத்தா எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர். இஸ்லாமியப் பெண்கள் யாராவது இறந்துவிட்டால் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்ட அவரைத்தான் அழைப்பார்கள். அதற்குக் கூலி வாங்கி நான் பார்த்ததில்லை. 1990களில் ஒரு நாள், நீண்ட காலம் படுக்கையில் கிடந்து இறந்துபோன ஒரு மூதாட்டியின் உடலில் சிறுநீர்க் குழாயும் கையில் ஊசியும் அப்படியே இருந்தன. அவற்றை வலிக்காமல் எடுத்துத் தரும்படி லாத்தா எனக்கு ஆள் அனுப்பினார். “வலிக்காமல்” என்றுதான் சொல்லியனுப்பினார். இறந்தவருக்கு வலிக்கும் என்று நான் படித்த பாடத்தில் இல்லை. ஆனாலும் ஒட்டுப்பட்டையை வெந்நீரில் நனைத்து நனைத்து, தோல் உரியாமல் எடுத்தேன். வேலை முடிந்ததும் லாத்தா என்னைத் திரைக்கு வெளியே போகச் சொல்லவில்லை. “தலையைக் கொஞ்சம் தாங்கிக்கொள் தங்கச்சி” என்றார்.

அன்று பார்த்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. உடலை ஒரு நொடிகூடத் திறந்து வைக்கவில்லை. மேலே ஒரு துணி கிடக்க, அதன் அடியில்தான் கை வேலை செய்தது. லாத்தா இடக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். அடிவயிற்றைப் பச்சைக் குழந்தைக்கு அழுத்துவதுபோல மெல்ல அழுத்தி அசுத்தத்தை அகற்றினார். பிறகு வேறு துணி எடுத்துச் சுற்றிக்கொண்டு, தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவை அந்த அம்மாளுக்குச் செய்துவைத்தார். வாயில் தண்ணீர் விடாமல், ஈரத்துணியால் பல்லைத் துடைத்தார். முகம், முழங்கை வரை இரு கைகள், ஈரக்கையால் தலை, கணுக்கால் வரை பாதங்கள். அதற்குப் பிறகு வலப்பக்கம் முழுவதும், பின்னர் இடப்பக்கம். இலந்தை இலையை இடித்துக் கலந்த தண்ணீர் முதலில். கடைசித் தண்ணீரில் கற்பூரம். மூன்று முறை ஊற்றினார். போதவில்லை என்று தோன்றியதால் ஐந்தாக்கினார். ஒற்றைப்படையில் முடிய வேண்டுமாம். நரைத்த தலைமுடியைச் சிக்கெடுத்து மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் போட்டார். நபிகள் நாயகத்தின் மகள் இறந்தபோது குளிப்பாட்டிய உம்மு அத்திய்யா என்ற பெண்ணுக்கு நாயகம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், மூன்று பின்னலும் அன்று அந்தப் பெண்கள் பின்னியதுதான் என்று பின்னொரு நாள் விளக்கினார். உடலில் குறை ஏதும் கண்ணில் பட்டால் அதை வெளியில் சொல்லக் கூடாது என்பதும் அந்தக் கடமையில் சேர்ந்தது. அந்த மூதாட்டியின் முதுகில் படுக்கைப் புண் இருந்தது. அவருடைய மருமகள்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். லாத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர்களிடம் பேசவில்லை. இன்று நான் எழுதுவதும் அந்த மூதாட்டி யார் என்று வாசகருக்குத் தெரியாது என்பதால்தான்.

வீடு திரும்பியதும் லாத்தா குளித்தார். எனக்கு அது உறுத்தியது. “அப்படியானால் இதுவும் தீட்டுத்தானே?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மையித்து அசுத்தம் இல்லை. அசுத்தமாக இருந்தால் பள்ளிவாசல் இமாம் அதை முன்னால் வைத்துத் தொழவைப்பாரா? குளிப்பது சுன்னத்து, நாயகம் காட்டிய வழி, செய்தால் நன்மை. குளிக்காவிட்டால் என்னை யாரும் ஒதுக்க முடியாது” என்றார். இறந்தவரைக் குளிப்பாட்டுவது ஊர் மொத்தத்தின் மேலும் விழுந்த கடமை என்பதையும் அவர்தான் சொன்னார். யாராவது செய்துவிட்டால் எல்லோருக்கும் நிறைவேறிவிடும்; ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோர் மேலும் குற்றம். நெருங்கிய உறவுதான் முதலில் கைவைக்க வேண்டும். நாயகத்தின் மகள் அன்னை ஃபாத்திமாவைக் கணவர் அலீயும், நாயகத்துக்குப் பிறகு தலைமையேற்ற கலீஃபா அபூபக்கரை மனைவி அஸ்மாவும் குளிப்பாட்டியதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. பிணத்தைத் தொட்டதற்காக ஒரு சாதியையே ஊருக்கு வெளியே வைத்த நாடு இது. இந்த நாட்டில், தொடாதிருப்பதுதான் குற்றம் என்று சொல்லும் ஒரு வழக்கத்துக்குத் ‘தீட்டுக் கழித்தல்’ என்று பெயரிட்டால், எழுதியவர் எண்ணியதற்கு நேர்மாறான பொருளை அல்லவா வாசகர் எடுத்துக்கொள்வார்?

ஒளுவும் தீட்டுக் கழித்தல் அல்ல. அழுக்கைப் போக்கத்தான் அது என்றால், தண்ணீர் கிடைக்காதபோது சுத்தமான மண்ணில் கைவைத்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் எப்படி அதற்கு ஈடாகும்? முகத்தில் மண்ணைத் தடவிக்கொண்டால் அழுக்குப் போகாது. திருக்குர்ஆனில் ஐந்தாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் ஒளு, குளிப்பு, தயம்மும் மூன்றையும் சேர்த்தே சொல்லி, உங்களைச் சிரமப்படுத்த இறைவன் விரும்பவில்லை என்று முடிகிறது. முழுவதுமாகக் குளித்த பிறகே தொழ முடியும் என்ற நிலையில் இருந்த நாயகத்தின் தோழர் அபூ ஹுரைரா, நாயகத்தின் முன்னால் அப்படி நிற்கக் கூச்சப்பட்டு நழுவிப் போய்க் குளித்துவிட்டு வந்தார். காரணம் கேட்ட நாயகம், இறைநம்பிக்கையாளர் அசுத்தமாவதில்லை என்று அவருக்குச் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து பாயை எடுத்துத் தரும்படி கேட்டபோது, தாம் மாதவிலக்காக இருப்பதாக நாயகத்தின் மனைவி அன்னை ஆயிஷா தயங்கினார். உன் மாதவிலக்கு உன் கையில் இல்லையே என்றார் நாயகம். அதே நாட்களில் ஆயிஷா வாய்வைத்துக் குடித்த பாத்திரத்தை வாங்கி, அவர் வாய்வைத்த அதே இடத்தில் தாமும் வாய்வைத்துக் குடித்திருக்கிறார். அந்த நாட்களில் பெண்ணுக்குத் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. விட்ட நோன்பைப் பிறகு நோற்க வேண்டும். விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள், அவள் பக்கத்தில் உட்காருகிறார்கள். அவளுக்கென்று தனித் தட்டு இல்லை.

என் வேதத்தில் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் எனக்குப் போதும். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் தவித்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் 15ஆம் அதிகாரத்தின்படி அவள் படுத்த பாயைத் தொட்டவர்கூட மாலை வரை தூய்மையற்றவர். என்னைத் தொட்டது யார் என்று அவர் கேட்டபோது அவள் நடுங்கிப்போனதற்குக் காரணம் அதுதான். அவரோ “மகளே” என்று அழைத்து அனுப்புகிறார். அங்கிருந்து நேராகப் போவது தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் வீட்டுக்கு. அங்கே பன்னிரண்டு வயதுப் பெண் இறந்து கிடக்கிறாள். பிணத்தைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தூய்மையில்லை என்பது எண்ணிக்கை நூலின் சட்டம். அவளுடைய கையைப் பிடித்துத் தூக்குகிறார். உதிரமும் பிணமும் ஒரே அதிகாரத்தில், ஒரே நடையில். எத்தனையோ பெண்களுக்கு உதிரம் துடைத்த எனக்கு, இரவுப் பணி முடிந்த காலைகளில் கிணற்றடியில் நின்றபடி இந்த அதிகாரம்தான் மனதில் ஓடும்.

ஆனால் என் திருச்சபையின் பழங்கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான். நாற்பது நாள் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. நாற்பதாம் நாள் கையில் எரியும் மெழுகுதிரியோடு கோயில் வாசலில் முழங்காலிட்டிருந்தார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, தம் கழுத்தில் தொங்கிய பட்டையின் நுனியை அம்மாவின் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். அந்தச் சடங்கின் செபங்கள் நன்றி சொல்லும் செபங்கள்தாம். ஆனால் வாசலில் காத்திருந்த அம்மாவும், பார்த்துக்கொண்டிருந்த ஊரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர் பேரவைக்குப் பிறகு தாய்க்கான ஆசீரைக் குழந்தையின் திருமுழுக்குச் சடங்கோடு சேர்த்துவிட்டார்கள். வாசலில் நிறுத்தும் வழக்கம் நின்றது. இத்தனைக்கும் 601ஆம் ஆண்டு வாக்கிலேயே, இங்கிலாந்துக்கு மறைபரப்பப் போன துறவி அகுஸ்தீன் கேட்ட கேள்விக்குப் பாப்பரசர் பெரிய கிரகோரி பதில் எழுதிவிட்டார்: பிள்ளை பெற்ற அந்த மணி நேரத்திலேயே ஒரு தாய் நன்றி சொல்லக் கோயிலுக்குள் வந்தாலும் அது பாவம் ஆகாது, மாதவிலக்கான பெண்ணைக் கோயிலிலிருந்தும் நற்கருணையிலிருந்தும் தடுக்கக் கூடாது. பீடு என்ற துறவி 731இல் முடித்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் இந்தப் பதில் அப்படியே இருக்கிறது. அதற்கு 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் என் அம்மா வாசலில் முழங்காலிட்டிருந்தார்.

இன்னும் நெருங்கிய கதை ஒன்று உண்டு. அது எங்கள் தலைநகரான புதுச்சேரியில் நடந்தது. பழைய ஞானஸ்நானச் சடங்கில் குரு தம் உமிழ்நீரால் விரலை நனைத்துக் குழந்தையின் காதையும் மூக்கையும் தொடுவார், முகத்தில் ஊதுவார், நாவில் உப்பு வைப்பார். செவிடனின் நாவை இயேசு உமிழ்நீரால் தொட்டு “எப்பத்தா, திறக்கப்படு” என்று சொன்னதன் நினைவு அது. தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரிமார் பலர், எச்சில் என்றால் மேல்சாதியார் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சி அதை விட்டுவிட்டார்கள். சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் போகாமல், அவர்களை வெளியே தூக்கி வரச் செய்து, சாகும் தருவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். மாதவிலக்கான பெண்களுக்கு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை மறுத்தார்கள். 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன், 1704 ஜூன் 23 தேதியிட்டுப் பதினாறு கட்டளைகள் கொண்ட ஆணை எழுதினார். உமிழ்நீரையும் உப்பையும் ஊதுவதையும் விடக் கூடாது, நோயில் கிடக்கும் பறையர்களின் வீடுகளுக்குள் போய்த்தான் அருட்சாதனம் கொடுக்க வேண்டும், அந்த நாட்களில் பெண்களைத் தடுக்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. அந்த ஆணையில் நம் மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்ளாத கட்டளைகளும் உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உமிழ்நீர், உதிரம், பறையர் வீடு ஆகிய மூன்றும் ஒரே ஆணையில் வந்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். ஒன்றை விலக்கிவைத்தால் மற்ற இரண்டையும் விலக்கிவைக்கத் தோன்றிவிடும். இன்றும் நம் மாநிலங்களில் சில ஊர்களில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது. தீர்த்தம் தெளித்து, இவர் ஞானஸ்நானம் பெற்றவர் என்று நினைவூட்டி அடக்கம் செய்த உடல்களுக்கு நடுவே சுவர். தீட்டு என்ற சொல் எங்கள் கோயிலுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கொரோனாவைச் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொடாமல் செய்யக்கூடிய சடங்குகளுக்கு அனுமதி உண்டு. வேதம் படிக்கலாம், புனித நீர் தெளிக்கலாம். ஆனால் உடலைக் குளிப்பாட்டவோ முத்தமிடவோ கட்டியணைக்கவோ கூடாது என்று இருந்தது. செவிலியராக அதை நான் ஏற்றுக்கொண்டேன். கிருமிக்காக விலகி நின்றது மருத்துவம். அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு, அது யாருடைய பிறப்பையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வழிகாட்டுதலால் எனக்கும் லாத்தாவுக்கும் வந்த இழப்பு ஒன்றல்ல. எங்கள் கோயிலில் தூரத்திலிருந்து தெளித்த தீர்த்தம் போதுமானதாக இருந்தது. லாத்தாவின் சின்னம்மா மகள் உறை போட்டு மூடிய நிலையில் அடக்கமானார். லாத்தா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “ஊரில் எத்தனை பேருக்கு நான் ஊற்றியிருக்கிறேன், என் தங்கச்சி தண்ணீர் படாமல் போய்விட்டாள்” என்றார். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்தபடியே வெகுநேரம் இருந்தார். தீட்டைக் கழிக்க முடியவில்லை என்றா அவர் அழுதார்? தொட முடியவில்லை என்று அழுதார்.

சீடர்களின் பாதங்களை இயேசு கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே வரி இருந்தது. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் உள்ள சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெண்களுக்கும் இதைச் செய்யலாம் என்று 2016 ஜனவரியில் முறைப்படி ஆணை வந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆண்டு எங்கள் பங்குக் கோயிலில் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் தெருக்கூட்டும் வேலை செய்யும் பெண். வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிளீச்சிங் பவுடர் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்திருந்தது, குதிகாலில் பிளவுகள். பங்குச்சாமியார் மண்டியிட்டு, உள்ளே இழுத்த அந்தக் காலைத் தாமே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி, துவாலையால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றியெடுத்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னது: “அம்மா போன பிறகு என் காலை இன்னொருத்தர் தொட்டது இன்றைக்குத்தான்.”

சென்ற ஆவணியில் என் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் அவளையும் குழந்தையையும் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் நெருங்கிய உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வழிமறித்து, நாற்பது ஆகவில்லையே, தீட்டு இருக்கிறதே என்றார். அவரும் வாரம் தவறாமல் பூசை காண்பவர்தான். என் மகள் படித்தவள். இருந்தும் ஒரு கணம் நின்றுவிட்டாள். அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து அவள் நெற்றியிலும் குழந்தையின் நெற்றியிலும் சிலுவை வரைந்தேன். அந்தப் பெண்மணி உங்கள் நாளிதழைத்தான் வாசிக்கிறார். சென்ற ஞாயிறு மாலை அந்த இணைப்பையே கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார், “பார், பேப்பரிலேயே போட்டிருக்கிறான்” என்று.

அதனால் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு இணைப்பில் நாலு வரித் திருத்தம் போடுங்கள். கிறிஸ்தவர்கள் அதை ஞானஸ்நானம், திருமுழுக்கு என்கிறார்கள். இஸ்லாமியர்கள் ஒளு, குளிப்பு, தயம்மும் என்கிறார்கள். அந்தச் சொற்கள் தமிழ் வாசகர் எல்லோருக்கும் விளங்கும். பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் தூய்மை என்று எழுதுங்கள். திருத்தம் வந்ததும் அந்தப் பக்கத்தை வெட்டி உறவுக்காரருக்கு ஒன்று, லாத்தாவுக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். லாத்தாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காரைக்கால்.